‘ஷால்’ யாருக்கு, ‘எண்டெவர்’ யாருக்கு

திருப்பூரில் எண்டெவர் என்று சொன்னால் கார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஃபோர்டு நிறுவனம் 2003இல் இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்த அந்த உயரமான வண்டி, சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையிலிருந்து வெளிவந்தது. வேறு பல நாடுகளில் அதற்கே எவரெஸ்ட் என்று பெயர். பனியன் கம்பெனி முதலாளி ஒருவருக்கு ஏற்றுமதி நன்றாக நடந்த வருடம் எது என்பதை, அவர் வீட்டு வாசலில் நிற்கும் எண்டெவரின் பதிவெண்ணை வைத்தே இங்கே சொல்லிவிடலாம். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. வண்டிகள் என்னவோ அவிநாசி சாலையில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அந்தப் பெயர் ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லும்கூட. சமயத்தில் காரை விட அதிகச் செலவு வைக்கக்கூடிய வினைச்சொல். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியவருகிறது.

நான் மெர்ச்சண்டைசர். ஆர்டர் தருகிற வெளிநாட்டுப் பையருக்கும் (வாங்குகிறவர்) தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். காலையில் நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிள் (தையல்), செக்கிங், அயனிங், பேக்கிங் என்று ஒவ்வொரு இடமாகப் போய் நச்சரிக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஐரோப்பா அலுவலகத்துக்கு வந்து சேரும். அதன்பிறகு இரவு வரை மெயில். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு அந்த மெயில்களை எழுதக் கற்றுக்கொடுப்பதும் இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். ஆனால் துணி தாமதமானால் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான் கைக்கு வருகிறது: ‘வீ வில் ட்ரை அவர் லெவல் பெஸ்ட்.’ பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்தில் தொடங்கி அரசு அலுவலகக் கடிதம் வரைக்கும் நாம் எழுதித் தேய்த்த வாக்கியம். கொஞ்சம் அனுபவம் வந்தபிறகு, அதையே கோட்டு மாட்டி உட்கார வைத்தது போல, ‘வீ ஷால் எண்டெவர்’ என்று எழுதுவார்கள்.

பையர் அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு டீ குடிக்கும்போது வெளிப்படையாகச் சொன்னார்: “ட்ரை என்று நீங்கள் எழுதினால், முடியாது என்று நாங்கள் வாசிக்கிறோம். எண்டெவர் என்று எழுதினால், வக்கீலைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள் என்று வாசிக்கிறோம்.” எங்கள் முதலாளி சிரித்துவிட்டார். எனக்கு அது நகைச்சுவையாகப் படவில்லை.

முதலில் இலக்கணத்தை முடித்துவிடுகிறேன். எண்டெவர் என்றால் ஒரு காரியம் கைகூட மனம் வைத்துப் பாடுபடுவது. ட்ரை என்பதன் மரியாதையான அண்ணன் என்று அகராதிகள் சொல்லும். ஆனால் ட்ரைக்கு இரண்டு வாசல் உண்டு. ‘ட்ரை டு’ என்று போட்டு அடுத்த வினையைச் சேர்த்தால், சன்னலைத் திறக்க முயன்றேன் என்று பொருள். பெரும்பாலும் அது திறக்கவில்லை. ‘டு’வை விட்டுவிட்டு ‘ட்ரைட் ஓப்பனிங்’ என்றால், புழுக்கம் குறைகிறதா என்று சன்னலைத் திறந்து பார்த்தேன் என்று பொருள். நம்முடைய ‘பார்’ செய்கிற அதே வேலை. எண்டெவருக்கு இந்த இரண்டாவது வாசல் கிடையாது. அதற்குப் பின்னால் ‘டு’ போட்டு ஒரு வினை வந்தே தீர வேண்டும். பிரியாணியை ட்ரை செய்யலாம், சட்டையை ட்ரை செய்யலாம். எண்டெவர் செய்ய முடியாது. அட்டெம்ப்டோடும் இது ஒட்டாது. அட்டெம்ப்ட் என்பது ஒருமுறை பாய்வது, அதில் தோல்வியின் வாடை எப்போதும் உண்டு. தேர்வை எத்தனையாவது அட்டெம்ப்டில் எழுதினாய் என்பார்கள். கொலை முயற்சி வழக்கிலும் அட்டெம்ப்ட்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 307, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 109. ஒருவன் கொலை செய்ய எண்டெவர் செய்தான் என்று எந்தக் காவல் நிலையமும் எழுதாது. அந்தச் சொல்லுக்கு நல்ல காரியம் வேண்டும், நல்ல உடை வேண்டும். வீட்டில் உப்பை எடுத்துத் தருவதற்கு எண்டெவர் செய்கிறேன் என்றால் எல்லோரும் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

உச்சரிப்பில் அழுத்தம் நடுவில், ‘டெ’யில் விழும். முதலெழுத்து ‘இ’ போலத்தான் ஒலிக்கும். அமெரிக்கர்கள் எழுதும்போது ‘யு’வை விட்டுவிடுவார்கள். ஆனால் அவர்களுடைய விண்வெளி ஓடத்துக்கு மட்டும் ‘யு’ உண்டு. கேப்டன் குக் 1768இல் ஏறிப் புறப்பட்ட ஆங்கிலக் கப்பலின் பெயரை அதற்கு வைத்ததுதான் காரணம். 2007இல் ஏவுதளத்தில் கட்டிய வாழ்த்துப் பதாகையில் ‘யு’ இல்லாமல் எழுதிவிட்டு, பிறகு நாசாவே மாற்ற வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகள் எழுத்துப் பிழை விட்டால் நான் அதிகம் கோபப்படுவதில்லை.

ஒரு பையரின் சப்ளையர் மேனுவல் என் மேசைக்கு வந்தபோதுதான் இந்தச் சொல்லின் முழு உருவத்தையும் பார்த்தேன். சரக்கு தருகிறவர்கள் என்னென்ன செய்ய வேண்டும் என்று பையர் எழுதிக் கொடுக்கிற தடிமனான புத்தகம். கையெழுத்துப் போடும் பக்கத்தை மட்டும் திருப்பி முதலாளியிடம் நீட்டுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த முறை ஏனோ இரண்டு மார்க்கர் பேனாக்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘ஷால்’ வருகிற இடமெல்லாம் பச்சை, ‘எண்டெவர்’ வருகிற இடமெல்லாம் மஞ்சள். (துப்பட்டா ஷால் இல்லை. ஒப்பந்த ஆங்கிலத்தில் ‘ஷால்’ வந்தால், செய்தே தீர வேண்டும் என்று பொருள்.) சப்ளையர் குறித்த தேதியில் ஷிப்மெண்ட் அனுப்புவது ஷால். தாமதமானால் விமானக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து தருவது ஷால். குறைக்கு ஈடாகப் பணம் பிடிக்கப் பையர் அனுப்புகிற டெபிட் நோட்டை ஏற்றுக்கொள்வது ஷால். பையர் பக்கம் வந்ததும் நிறம் மாறியது. லேப் டிப்புக்கு ஐந்து வேலை நாட்களுக்குள் பதில் சொல்ல எண்டெவர் செய்வார்கள். அடுத்த சீசனுக்கு எவ்வளவு ஆர்டர் வரும் என்பதை முன்கூட்டித் தெரிவிக்க எண்டெவர் செய்வார்கள். எங்கள் பக்கத்துத் தாள்கள் முழுக்கப் பச்சை, அவர்கள் பக்கத்தில் மஞ்சள்.

லேப் டிப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: பையர் கேட்கிற நிறத்தைச் சாயப்பட்டறையின் ஆய்வகத்தில் சிறு துணித்துண்டில் ஏற்றி, ஏ, பி, சி என்று மூன்று சாயலில் அட்டையில் ஒட்டி அனுப்புவோம். அவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்துக்குப் போகும். பார்ப்பதற்கு விளக்குப் பெட்டி உண்டு. டி65 என்கிற பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, டிஎல்84 என்கிற கடை வெளிச்சத்தில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் பொருந்துகிற நிறம் இன்னொன்றில் பொருந்தாமல் போகும். அந்த மேனுவல் தந்த பையரின் ஆர்டரில் கருநீல போலோ சட்டை. நீலம் பகலில் நீலமாகவே இருந்தது. கடை விளக்கில் லேசாகச் சிவப்படித்தது. இரண்டாவது செட் செய்து கூரியரில் அனுப்பினோம். பதில் இல்லை. நினைவூட்டினோம். ‘விரைவில் சொல்ல எண்டெவர் செய்கிறோம்’ என்று வந்தது. ஏ சரி என்று கடைசியில் பதில் வந்து சேர்ந்தபோது எங்கள் ஷிப்மெண்ட் தேதி கழுத்தில் நின்றது.

தேதியை நகர்த்தச் சொல்லி எழுதினோம். மறுத்துவிட்டார்கள். முதலாளி மேனுவலைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

“ஐந்து நாளில் சொல்கிறோம் என்று இதிலேயே இருக்கிறதே?”

“சொல்ல முயல்வோம் என்று இருக்கிறது, அண்ணா.”

“இரண்டும் ஒன்றுதானே?”

“நம் தேதிக்கு அந்தச் சொல் போடவில்லையே, அண்ணா.”

தூத்துக்குடியிலிருந்து கப்பலில் போக வேண்டிய பெட்டிகள் விமானத்தில் போயின. அந்த ஆர்டரில் எங்களுக்கு என்ன மிஞ்சியது என்று இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது. அதற்குப் பிறகு எந்த ஒப்பந்தம் வந்தாலும் விலையைப் பார்ப்பதற்கு முன்பே நான் மார்க்கரை எடுத்துவிடுகிறேன். எந்தப் பக்கம் பலமோ அந்தப் பக்கம் முயற்சி இருக்கும்; மற்றப் பக்கத்துக்குக் கடமைதான் மிஞ்சும்.

இதைப் படித்துவிட்டு, எண்டெவர் என்றால் வெற்றுச் சொல், ஒன்றும் செய்யாமல் தப்பிக்க எழுதுவது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். இங்கிலாந்து நீதிமன்றங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. ‘பெஸ்ட் எண்டெவர்ஸ்’ என்று ஒப்பந்தத்தில் எழுதினால், அந்தச் சொற்கள் சொல்வதுதான் அவற்றின் பொருள், இரண்டாம் தர முயற்சி போதாது என்று 1911இலேயே ஒரு ரயில் கம்பெனி வழக்கில் சொல்லிவிட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு உயிர் இருக்கிறது என்று நூறு ஆண்டு கழித்து ஒரு விமான நிலையம் தெரிந்துகொண்டது. பிளாக்பூல் விமான நிலையமும் ஜெட்2 என்கிற மலிவு விமான நிறுவனமும் 2005இல் 15 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டன. ஜெட்2வின் சேவையை வளர்க்க இரு தரப்பும் பெஸ்ட் எண்டெவர்ஸ் செய்யும் என்று அதில் ஒரு வரி. அதிகாலையிலும் பின்னிரவிலும் விமானம் இறங்க வேண்டும் என்பது மலிவு விமானத் தொழிலின் அடிப்படை. பகல் முழுக்க ஓடினால்தான் அவர்களுக்குக் கட்டுப்படியாகும். விமான நிலையமோ நஷ்டத்தில் இருந்தது. 2010இல், காலை 7 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் திறக்க மாட்டோம் என்றது. எங்கள் பணத்தை இழந்து அடுத்தவனை வளர்ப்பதா முயற்சி என்பது அதன் வாதம். 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட, ஜெட்2வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நஷ்டம் வருகிறது என்பதற்காக மட்டும் கதவைச் சாத்திவிட முடியாது.

‘பெஸ்ட்’டுக்குப் பதில் ‘ரீசனபிள்’ என்று போட்டால் சுமை குறையும். எவ்வளவு குறையும் என்பதற்குத்தான் வழக்கறிஞர்கள் கட்டணம் வாங்குகிறார்கள். எங்களைப் போன்ற ஏற்றுமதிக்காரர்களுக்குப் பக்கத்தில் வருகிற வழக்கு 2024 மே மாதம் பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. கினி நாட்டிலிருந்து உக்ரைனுக்குப் பாக்சைட் ஏற்றிப் போகக் கப்பல் பேசியிருந்தார்கள். வாடகை டாலரில். 2018இல் அமெரிக்கத் தடைகள் வந்ததும் டாலரில் பணம் வருவது சிக்கலாயிற்று. கப்பல்காரர், எதிர்பாராத இடையூறு என்கிற விதியைக் காட்டி நிறுத்தினார். யூரோவில் தருகிறோம், மாற்றும் செலவும் எங்களுடையது என்றது மறுதரப்பு. ரீசனபிள் எண்டெவர்ஸ் செய்து இடையூறைத் தாண்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே, யூரோவை வாங்கிக்கொள்வது நியாயமான முயற்சிதானே என்று கேட்டார்கள். இல்லை என்றது நீதிமன்றம். டாலர் என்று எழுதியிருந்தால் டாலர். ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஏற்றுக்கொள்ளச் சொல்லி முயற்சி என்கிற சொல் யாரையும் நெருக்காது. முதலாளியிடம் இதைச் சொன்னபோது, “யூரோ வந்திருந்தால் நான் வாங்கிப் போட்டிருப்பேன்” என்றார். வழக்குக்குப் போகிறவர்கள் வேறு வகை மனிதர்கள்.

அமெரிக்கப் பக்கம் எண்டெவர்ஸ் என்பதற்குப் பதில் ‘எஃபர்ட்ஸ்’ என்று எழுதுவார்கள். கொரோனா நேரத்தில் ஐரோப்பிய ஒன்றியமும் அஸ்ட்ராஜெனெகாவும் மோதிக்கொண்டதும் அந்தச் சொல்லை வைத்துத்தான். தடுப்பூசி குறைவாக வந்தபோது, நாங்கள் ஒப்புக்கொண்டது முயற்சியைத்தான், எண்ணிக்கையை அல்ல என்று 2021 ஜனவரியில் கம்பெனித் தலைவர் பேட்டி கொடுத்தார். வழக்கு பிரஸ்ஸல்ஸ் நீதிமன்றம் வரை போனது. ஒரு கண்டத்தின் ஊசி இரண்டு மூன்று சொற்களில் தொங்கியதை அந்த வருடம் உலகமே பார்த்தது.

நீதிமன்றம் போகாமலே இந்தச் சொல்லுக்குக் கணக்குக் கேட்கிறவர்களும் உண்டு. 2011 ஜனவரி இறுதியில், நொய்யலில் சாயக்கழிவு கலப்பது நிற்காததால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊர் ஸ்தம்பித்தது. துணி பின்னி வைத்திருக்கிறோம், சாயம் போட இடமில்லை. அந்த மாதங்களில் திருப்பூரிலிருந்து கிளம்பிய மெயில்களில் பாதியிலாவது எண்டெவர் இருந்திருக்கும். வேறு என்ன எழுத முடியும்? ஒரு பையர் மட்டும் திருப்பி எழுதினார்: என்ன முயற்சி, வரிசையாக எழுதுங்கள். எந்தத் துணி, எத்தனை கிலோ, எந்த ஊர்ச் சாயப்பட்டறை, லாரி என்றைக்குக் கிளம்புகிறது, திரும்பி என்றைக்கு வரும், அங்கே நிறம் தவறினால் அடுத்து எங்கே. முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. உட்கார்ந்து நிரப்பினோம். நிரப்பும்போதே எங்களுக்கு இரண்டு வழிகள் புலப்பட்டன. அந்த ஆர்டர் தாமதமாகத்தான் போனது. ஆனாலும் டெபிட் நோட் வரவில்லை. முயற்சி செய்தோம் என்பதைத் தாளில் காட்டியிருந்தோம், அந்த மனிதர் அதை மதித்தார்.

இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நம் அரசமைப்புச் சட்டம் நினைவுக்கு வரும். மஞ்சள் மார்க்கரை அதன் நான்காம் பகுதியில் ஓட்டிப் பாருங்கள். அரசுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் இருக்கிற பகுதி அது. வாழத் தகுந்த கூலிக்கு அரசு எண்டெவர் செய்யும் (43). பொது சிவில் சட்டத்துக்கு எண்டெவர் (44). மதுவிலக்குக்கு எண்டெவர் (47). வேளாண்மையை அறிவியல் முறையில் அமைக்க எண்டெவர் (48). 1976இல் சேர்த்த சுற்றுச்சூழல் பிரிவிலும் எண்டெவர் (48ஏ). பழைய நினைவுச்சின்னங்களைக் காப்பதற்கோ கடமை என்கிற கனமான சொல் (49). கல் மண்டபத்துக்குக் கடமை, கூலிக்காரனுக்கு முயற்சி என்று முதலில் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. இந்தப் பகுதி முழுவதையும் எந்த நீதிமன்றமும் நடைமுறைப்படுத்த முடியாது என்று 37ஆம் பிரிவு வேறு சொல்கிறது. ஆனாலும் சட்டம் இயற்றும்போது இவற்றைக் கைக்கொள்வது அரசின் கடமை என்று அதே பிரிவு மூச்சு விடாமல் சேர்த்துச் சொல்கிறது.

சப்ளையர் மேனுவல்தான், நாட்டுக்கான சப்ளையர் மேனுவல் என்று நான் எரிச்சலோடு நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. அரசமைப்பு அவை விவாதங்களைப் படித்தபோது அம்பேத்கரின் பதில் ஒன்று கண்ணில் பட்டது. 1948 நவம்பர் 19. இப்போது 38ஆக இருக்கிற பிரிவில் ‘ஸ்ட்ரைவ்’ என்று போட்டிருக்கிறார்கள். போராடிப் பாடுபடுவது என்று பொருள். எண்டெவரைவிட வியர்வை அதிகம். அந்தச் சொல் எதற்கு என்பதற்கு அவர் சொன்ன காரணம், நான் நினைத்ததற்கு நேர்எதிர். சூழ்நிலை எவ்வளவு மோசமாக இருந்தாலும் அரசு பாடுபட்டே ஆக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சொல். அது இல்லாவிட்டால், நிலைமை சரியில்லை, கஜானாவில் பணமில்லை, முயற்சிகூடச் செய்ய முடியாது என்று எந்த அரசாங்கமும் கையை விரித்துவிடும் என்றார். தப்பிக்கிற வாசல் என்று நான் நினைத்ததை, தப்பிக்கிற வாசலை அடைக்கிற கதவாக அவர் வைத்திருந்தார்.

சொன்னபடி அடைத்ததா என்பதற்கு 45ஆம் பிரிவுதான் நல்ல சாட்சி. வரைவில் அது 36. ‘ஒவ்வொரு குடிமகனுக்கும் இலவசத் தொடக்கக் கல்வி பெறும் உரிமை உண்டு’ என்று தொடங்கி, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் 10 ஆண்டுக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர அரசு எண்டெவர் செய்யும் என்று முடிந்தது. 1948 நவம்பர் 23 அன்று அவை உறுப்பினர் லட்சுமிகாந்த மைத்ரா திருத்தம் கொண்டுவந்தார். இது உரிமைகளின் பகுதி அல்ல, நெறிகளின் பகுதி, ஆகவே முதல் பாதியை எடுத்துவிட வேண்டும். அம்பேத்கர் ஏற்றுக்கொண்டார். உரிமை போனது, எண்டெவர் தங்கியது. 10 ஆண்டு என்கிற கெடுவும் தங்கியது. அந்தப் பகுதியிலேயே தேதி வைத்த பிரிவு அது ஒன்றுதான். எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் ஷிப்மெண்ட் தேதி 1960 ஜனவரி. தேதி வந்தது, போனது. டெபிட் நோட் போட ஆளில்லை.

1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய கெடுவைத் தூசி தட்டி எடுத்தது. மற்ற எந்தப் பிரிவிலும் இல்லாத தேதியை இதில் மட்டும் ஏன் வைத்தார்கள், அதற்கு ஒரு பொருள் இல்லையா என்று கேட்டு, 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமைதான் என்றது. 2002இல் 86ஆவது திருத்தம் 21ஏ என்ற புதுப் பிரிவைக் கொண்டுவந்தது. ஆறு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு அரசு இலவசக் கட்டாயக் கல்வி ‘ஷால் ப்ரொவைட்’. நடுவிலிருந்த எண்டெவர் எடுபட்டுவிட்டது. அந்த ஒரு சொல் விலகுவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. எடுத்த சொல்லை எங்கே வைத்தார்கள் என்று தேடினால், அதே திருத்தத்தில் 45ஆம் பிரிவை மாற்றி எழுதியிருக்கிறார்கள்: ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு எண்டெவர் செய்யும். மஞ்சள் மை சின்னப் பிள்ளைகளின் பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. இம்முறை தேதியும் வைக்கவில்லை.

இந்தச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிரெஞ்சில் ‘தெவ்வார்’ என்றால் கடமை. இன்றைக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தை அந்தப் பெயரால்தான் சொல்கிறார்கள். தன்னைக் கடமைக்குள் நிறுத்திக்கொள்வது என்கிற பழைய வழக்கு ஆங்கிலத்துக்குள் வந்து, ஒட்டிக்கொண்டு, எண்டெவர் ஆயிற்று. அந்தத் தெவ்வாருக்கும் தாய் லத்தீனில் கடன்படுவது என்று பொருள்படும் ஒரு வினை. அதே தாய் வயிற்றில் பிறந்த இன்னொரு பிள்ளைதான் டெபிட். ஆக எங்கள் ஆபீசில் பையர் அனுப்புகிற எண்டெவரும், மாதக் கடைசியில் அவரே அனுப்புகிற டெபிட் நோட்டும் அக்கா தங்கைகள். கணக்குப் பிரிவில் இதைச் சொன்னேன். அவர்கள் டேலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

புதுப் பிள்ளைகளுக்கு இப்போது நான் சொல்வது இவ்வளவுதான். தேதி நிச்சயம் என்றால் ‘வில் ஷிப்’ என்று எழுது. நிச்சயமில்லை என்றால் எது நிச்சயமில்லையோ அதை எழுது: நூல் வரவில்லையா, சாயம் பிடிக்கவில்லையா, பவர் டேபிளில் ஆள் இல்லையா. அதற்கு நாளை காலை என்ன செய்யப்போகிறாய் என்பதையும் எழுது. இவை எல்லாம் எழுதிய பிறகும் எண்டெவர் போட இடமிருந்தால் போட்டுக்கொள். பையர் அந்தச் சொல்லோடு வந்தால் சும்மா விடாதே. ‘எத்தனை நாளில், தாமதமானால் எங்கள் தேதியும் அத்தனை நாள் நகருமா’ என்று அதே மெயிலில் கேள். ஒரு பெண் அப்படிக் கேட்டு எழுதினாள். வழக்கமாகக் கறாராக நிற்கிற பையர், சரி, அப்ரூவல் எத்தனை நாள் தாமதமோ அத்தனை நாள் ஷிப்மெண்டும் தள்ளலாம் என்று ஒரே வரியில் பதில் போட்டார். இதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை போல.

அந்தப் பெண் போன மாதம் பெங்களூருவில் நல்ல வேலை கிடைத்துக் கிளம்பினாள். அனுபவச் சான்றிதழ் என் மேசைக்குக் கையெழுத்துக்கு வந்தது. கடைசி வரி எல்லாக் கம்பெனிகளிலும் இருக்கிற அதே வரி: எதிர்கால எண்டெவர்ஸ் அனைத்திலும் வெற்றி பெற வாழ்த்துகிறோம். இங்கே அது பெயர்ச்சொல், வாழ்த்துவதற்கு மட்டும் பயன்படுவது, யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாதது. அமெரிக்க மல்யுத்தக் கம்பெனி ஒன்று தன் வீரர்களை வேலையை விட்டு அனுப்பும்போதெல்லாம் இதே வாக்கியத்தை எழுதியதால், அங்கே ரசிகர்கள் ‘ஃபியூச்சர் எண்டெவர்ட்’ என்றாலே கல்தா கொடுத்துவிட்டார்கள் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த வரியை எடுத்துவிட்டு, லேப் டிப் தேதிகளைப் பையரிடம் கேட்டு வாங்கத் தெரிந்தவர் என்று போடச் சொன்னேன். மனிதவளப் பிரிவில் முடியாது என்றார்கள். டெம்ப்ளேட்டாம். மாற்ற முயல்கிறோம் என்றார்கள்.